வாலறுந்த அறிவித்தல்

எங்கள் வீடு மலைக்குப் பின்பக்கம், பள்ளிவாசல் முன்பக்கம். மடவளைப் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதுபோல எங்கள் சுவரிலும் ஒரு பள்ளி ரேடியோ தொங்கும். பாங்கு சொல்கிற மோதினார் பள்ளி மைக்கில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். பாங்கு, பயான், யார் மௌத்து, யாருடைய ஆடு காணாமல் போயிற்று, எல்லாம். நடுவில் மலை நிற்பதால் எங்களுக்கு வருவது பாதி பேச்சு, பாதி இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் எதையோ பொரித்துக்கொண்டே ஒருவர் பேசுவதுபோல் இருக்கும்.

நான் கண்டியில் ஒரு கல்லூரியில் இலத்திரனியல் படிப்பிக்கிறேன். எனக்கு இரைச்சல் ஆகாது. அது தொழிலால் வந்த குணமா, குணத்தால் வந்த தொழிலா என்று உம்மாவுக்கு இன்னும் சந்தேகம். ஒரு விடுமுறையில் பழைய ரேடியோவைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, நானே செய்த டிஜிட்டல் பெட்டியை மாட்டினேன். வருகிற குரலை அது ஒவ்வொரு நொடியும் ஆயிரமாயிரம் முறை அளந்து இலக்கமாக்கும். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வந்தால் பேச்சு, வைத்துக்கொள். கீழே போனால் இரைச்சல், பூச்சியமாக்கு. வெட்டொன்று துண்டிரண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வரும்.

உம்மாவுக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை. பழையது யாரும் பேசாதபோதும் சோவென்று இரைந்துகொண்டிருக்கும். புதியது வாயே திறக்காது.

"இது உசிரோட ஈக்கா, மௌத்தா?" என்று தட்டிப் பார்ப்பார்.

"பள்ளியில ஒண்ணும் சொல்லல்ல உம்மா. அதான் சத்தமில்ல."

"ஒண்ணும் சொல்லல்லண்டு ஒனக்கு யாரு சொன்ன?"

அந்தக் கேள்வி மேல் எனக்கு எரிச்சல்தான் இருந்தது.

அப்புறம் அந்த மழை வந்தது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று. என் நானா, எங்களுக்கு நானா என்றால் அண்ணன், தன் கடைக்குச் சாமான் ஏற்ற மாவனெல்லைக்கு லொறியில் போயிருந்தார். திரும்பி வரும் வழியில் கடைசியாகக் கடுகண்ணாவையிலிருந்து பேசினார். "வாகனமெல்லாம் நிக்கிது, பாத்துப் பாத்து வாரேன்" என்றார். அதோடு லைன் அறுந்தது. கடுகண்ணாவைக் கணவாயில் மண் சரிந்துவிட்டது என்று மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். நானாவின் வீடு பள்ளிக்குப் பக்கத்தில். மனைவி பிள்ளைகள் அங்கே. அங்கே போகிற பாதையில் ஆறு ஓடியது. எங்களுக்கு மிஞ்சியது பற்றரியில் ஓடுகிற என் பெட்டி மட்டும்.

கொஞ்ச நேரத்தில் அது விழித்தது. "அஸ்ஸலாமு அலைக்கும். ஓர் அறிவித்தல்." நானாவின் பெயர். இன்னாரின் மகன் என்று வாப்பாவின் பெயர். "கடுகண்ணாவைப் பாதையால் வரவிருந்தவர், வீடு வந்து சேர்"

அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் மோதினாருக்கு ஒரு பழக்கம். வசனத்தை உச்சியில் தொடங்கி, முடியும்போது தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். அந்தத் தணிந்த வால் என் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறது. பெட்டி வெட்டிவிட்டது. நம் தமிழோ ஆளைச் சொல்லும், ஊரைச் சொல்லும், வந்த பாதையைக்கூடச் சொல்லும். உண்டா இல்லையா என்பதை மட்டும் வாலில் வைத்திருக்கும். சேர்ந்துவிட்டாரா? சேரவில்லையா?

"சேர்ந்துட்டாராம், அல்ஹம்துலில்லாஹ்!" என்று உம்மா அரிசி அளக்கப் போய்விட்டார்.

எனக்கோ அது "சேரவில்லை" என்றுதான் பட்டது. வந்து சேர்ந்தவரை யாராவது அறிவிப்பார்களா? ஆனால் ஊரே பயந்து கிடக்கும்போது அறிவிக்கவும் செய்வார்களே? மண்டை காய்ந்தது.

"உம்மா, அது முழுசாக் கேக்கல்ல. பொட்டி வெட்டிட்டு."

"வெட்டின ஒண்ட பொட்டிதானே. எண்ட காதில்லயே."

அலுமாரியிலிருந்து பழைய ரேடியோவை எடுத்து, கிடந்த பற்றரிகளைப் போட்டு, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வீடு முழுக்க இரைச்சல் நிறைந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு முறை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் காத்திருந்தேன். என் பெட்டியின் மௌனத்துக்குள் நானா எப்படியும் இருக்கலாம். வால் வந்துவிட்டால் இரண்டில் ஒன்றுதான்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மறுபடி சொன்னார்கள். பழைய பெட்டியில் பெயர் வந்தது, "வந்து சேர்" வந்தது, மிச்சத்தை இரைச்சல் விழுங்கியது. அதற்குள் "வில்லை" கேட்டதா, நான் போட்டுக்கொண்டேனா? இரைச்சலில் தேடுகிற காது தேடியதைக் கண்டுபிடிக்கும் என்று படிப்பிக்கிறவள் நான். அந்த அறிவு அன்று ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

அப்போது உம்மா நிமிர்ந்தார். "அவன்தான்."

"யாரு?"

"ஒண்ட நானா. மைக்குக்குக் கிட்ட இருமினான். அவண்ட இருமல் எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒரு சின்ன வெடிப்புத்தான் கேட்டது. என் பெட்டியில் அதுவும் இல்லை. உம்மா நானாவுக்குப் பிடித்த கத்தரிக்காயை அரியத் தொடங்கினார். கத்த வேண்டும்போல் இருந்தது. பதிலாக வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அழ ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

பின்னேர அஸருக்கு முன்னால் நானா வந்தார். முழங்கால்வரை சேறு, செருப்பு கையில். லொறியைக் கடுகண்ணாவையில் விட்டுவிட்டு நடந்தும், ஆள்களிடம் கேட்டு வாகனங்களில் ஏறியும், பின்மலையால் இறங்கியிருக்கிறார். உம்மா அவர் முகத்தைத் தடவிவிட்டு நேரே சோற்றைப் போட்டார். அவர் முதல் கவளம் எடுக்குமுன் நான் கேட்டுவிட்டேன்.

"பள்ளியில இருமின நீங்களா நானா?"

"பள்ளியா? நான் அந்தப் பக்கமே போகல்ல. நேரா இங்கதான் வாரேன்."

உம்மாவைப் பார்த்தேன். "இருமின நானா இல்லயாம்."

"வந்தானா, இல்லயா?"

"வந்திட்டார்."

"அப்ப என்ன கேள்வி?" என்று இன்னொரு அகப்பை கறி போட்டார்.

காலையில் சொன்னது "சேரவில்லை" என்பதுதான். நானாவின் மனைவி சொல்லச் சொன்னாராம், அது பிறகு தெரிந்தது. சொல் என் பக்கம், ஆள் உம்மா பக்கம். அந்த இருமல் யாருடையதென்று இன்றுவரை தெரியாது.

நானாதான் திடீரென்று கையை நிறுத்தினார். "வீட்டுல அவ இன்னும் அழுதுட்டு ஈப்பாளே." இரண்டு பெட்டிகளையும் பார்த்தேன். இரண்டுமே கேட்க மட்டும் தெரிந்தவை; நம் பக்கச் செய்தியைக் கொண்டுபோகத் தெரியாது. பாதிச் சோற்றோடு கையைக் கழுவிக்கொண்டு, மலையைச் சுற்றிப் போகிறேன் என்று அவர் மறுபடி மழையில் இறங்கினார். உம்மா தடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் உட்கார்ந்தார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் பழைய ரேடியோவின் பற்றரி தீர்ந்தது. இரைச்சல் நின்றதும் உம்மாவின் முகமும் ஒரு மாதிரி ஆயிற்று. என் பெட்டி மட்டும் மிஞ்சியது. அது விழித்தது. ஸலாம், ஓர் அறிவித்தல், நானாவின் பெயர். "வீடு வந்து சேர்"

வெட்டு.

காலையில் அவ்வளவு நிச்சயமாக இருந்த உம்மா, அன்று முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்ன புள்ள? எனக்குக் கேக்கல்ல."

"சேர்ந்துட்டாராம் உம்மா" என்றேன்.