மேட்டைப் பார்த்து நின்ற லாரி

லாரி ஸ்டாண்டில் என் மச்சானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேட்டுக்காரர் என்றால்தான் தெரியும். போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்த டிரைவர்கள்கூட, கண்ணைத் துடைத்த கையோடு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் அவர் மனைவியான என் அக்காவும் நானும்தான்.

காலமெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கத் துணிந்தார். வாங்கப் போவது ஒரே வண்டி. அது படுத்தால் குடும்பமும் சேர்ந்து படுக்கும். தரகரிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் எட்டு சிலிண்டர் எஞ்சின், பக்கத்துக்கு நான்காக. மற்றதில் ஆறு, ஒரே வரிசையாக. இரண்டிலும் ஒரே எடைக்குக் கருங்கல் ஏற்றி குவாரி மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். எட்டு, மூன்றாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறியது. ஆறு இரண்டாவது கியருக்கு இறங்கி, முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல ஏறியது. ஆனால் எங்கும் திணறவில்லை. சூடு காட்டும் முள்ளும் அசையவில்லை.

அன்று சாப்பிடும்போது மச்சானுக்கு வேறு பேச்சே இல்லை.

"எட்டுடி! மேடுன்னே தெரியல. மாப்பிள, நீயே சொல்லு, முதுகு சீட்டோட போய் ஒட்டுச்சா இல்லையா?"

"ஒட்டுச்சு மச்சான்," என்றேன்.

"எட்டு வாய்க்கும் யாரு சோறு போடுறது?" என்றாள் அக்கா.

"அது தின்னாலும் உழைக்கும்டி. என்ன, ரிப்பேர்னு வந்தா எஞ்சின் மேல மூடியிருக்கிற ரெண்டு தலையைக் கழட்டணும். ஆறுக்கு ஒண்ணுதான்."

"ஒரு தலைவலி போதும்னுதான் நானே உங்களோட நிறுத்திக்கிட்டேன்."

நான் தண்ணீர் குடிப்பதுபோல் சிரிப்பை விழுங்கினேன். அக்கா விடவில்லை. "ஒண்ணு கேக்கவா? மூணு தடவை போய்ப் பாத்தோம். மூணு தடவையும் அந்த எட்டு, தரகர் வீட்டு வாசல் சரிவுலயே நிக்குது. ஆறு மட்டும் கீழ சுவரைப் பாத்து நிக்குது. ஏன்?"

மச்சானின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. லாரிக்காரர் யாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. காலையில் தானாகக் கிளம்பாத வண்டியைத்தான் சரிவில் நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு அடியில் வைத்த கல்லை எடுத்தால் வண்டி உருளும். கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அவரே ஆயிரம் முறை செய்திருக்கிறார். ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். மச்சானுக்குக் காதையும் அந்த உறுமல் அடைத்துவிட்டது.

"தற்செயலா இருக்கும்," என்றார், குரலில் சுரத்தில்லாமல்.

"இருக்கட்டும். இன்னைக்கு ரெண்டையும் கீழ நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. காலையில போய்ப் பாப்போம்."

மறுநாள் நல்ல குளிர். எட்டு சிலிண்டர் வண்டி முனகியது, இருமியது, பிறகு முனகவும் மறுத்தது. பக்கத்து லாரியிலிருந்து பேட்டரிக்கு ஒயர் இழுத்தும் அசையவில்லை. தரகர் காதில் கட்டியிருந்த துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பனிம்மா. அதான்."

"அந்த ஆறுக்கு மட்டும் வெயிலா அடிக்குது?"

ஆறில் மச்சானே ஏறிச் சாவியைத் திருப்பினார். இரண்டு செருமல், ஒரு குடம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். தூங்கி எழுந்தவர் கொட்டாவி விட்டு வேலையைப் பார்க்கப் போவதுபோல நிதானமாக ஓட ஆரம்பித்தது. அதையே வாங்கினார்.

அன்றிலிருந்து எந்த ஊர் ஸ்டாண்டாக இருந்தாலும், மூக்கு மேட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். "என் வண்டிக்குச் சரிவு எதுக்குடா?" என்பார். ஒரே ஒருமுறை பேட்டரி ஒயர் கழன்று வண்டி கிளம்பவில்லை. மேட்டைப் பார்த்து நின்ற லாரியைத் தள்ள ஸ்டாண்டே திரண்டது. தள்ளியவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாளும் மேட்டைப் பார்த்தேதான் நிறுத்தினார்.

எட்டு சிலிண்டரை மட்டும் அவர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. "ஒழுங்கா வச்சிருந்தா அதுதான்டா ராஜா. அந்த ஒண்ணைக் கெடுத்துட்டானுங்க." ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்.

"உங்க பழைய ஆளு போறா," என்பாள் அக்கா. "போய்ப் பாத்துட்டு வாங்க, சோறு எங்கயும் ஓடிடாது."

நிஜமாகவே எழுந்து போவார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் லாரி வீட்டு முற்றத்தில், மேடான பக்கம் பார்த்து நின்றது. இனி அக்காவுக்கு அதுதான் வருமானம். போன வாரம், முன்பு அவ்வப்போது அவருக்கு மாற்றாக ஓட்டிய டிரைவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, ரொம்ப நாளா நிக்குது. தள்ளுறதுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"முதல்ல சாவியைப் போடுங்க."

இரண்டு செருமல். வெள்ளைப் புகை. முற்றம் அதிர்ந்தது. டிரைவர் சிரித்துவிட்டார். அக்கா பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ரோட்டில் இன்னொரு சத்தம் கேட்டது. எட்டு சிலிண்டர். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனாள். அந்த லாரி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கா," என்றாள்.