வரிசையில் காலர்க்காரி

சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. தையல் கூடத்தில் எல்லோருக்கும் அவள் காலர்க்காரி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருத்தி பிள்ளை பெற்று, மறுபடி மிஷினில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவள் உண்டாகலாம். முதலாளி போட்ட சட்டமில்லை. விடுப்பில் போனவள் பங்கையும் மற்றவர்கள்தான் தைத்தாக வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் போனால் முதுகு ஒடிந்துவிடும். ஒருமுறை அப்படி ஒடிந்தபோது, சாப்பாட்டு வேளையில் இந்த யோசனையைச் சொன்னதே காலர்க்காரிதான். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. சொல்வது சுலபமாக இருந்தது.

கல்யாணமானபோது வரிசையில் கடைசி ஆள் அவள். ஒவ்வொருத்தியாகப் போய்வந்தார்கள். மாமியார் முதலில் ஜாடையாகப் பேசினாள், பிறகு பாத்திரங்களோடு பேசினாள். “உன் மிஷின் என்ன சொல்லுது?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த கணவன், அவளுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து சிரிப்பதில்லை.

கடைசியாக இஸ்திரி மேசைக்காரியும் பிள்ளை பெற்றுத் திரும்பினாள். அடுத்தது இவள் முறை. அன்றிலிருந்து இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊசியை மாற்றினாள். நாற்காலியை மாற்றினாள். மாதம் தவறாமல் வந்த வயிற்றுவலியைச் சபித்தாள்.

அந்த நேரம் பார்த்து, பித்தான் தைக்கும் புதுப்பெண் கழிவறைக்கு ஓடி ஓடி வாந்தியெடுத்தாள். எல்லோரும் காலர்க்காரி முகத்தையே பார்த்தார்கள். அவள் கை கழுவப் போனபோது அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, நாள் தள்ளிப்போச்சு. உங்க முறைன்னு தெரியும். கலைச்சிடட்டுமா?”

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலர்க்காரி குழாயை மூடினாள். மறுபடி திறந்தாள்.

“அதைப் போய் என்கிட்ட கேக்கறியேடி.”

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே சொன்னாள்: “இனிமே யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம். நானும் காத்திருக்க மாட்டேன். ஆள் குறைஞ்சா வேற ஆள் போடச் சொல்லுவோம்.”

ஆள் போடச் சொல்லலாம் என்று இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. இஸ்திரி மேசைக்காரி, முதலாளி ஆள் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்றாள். யாரோ சிரித்தார்கள்.

சட்டைக் கை மடிப்புத் தைக்கும் பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பெண் பிள்ளையோடு நின்றவள். இரண்டாவதற்கு ஆசைப்பட்டு, இரண்டு பேருக்கு வழிவிட்டுக் காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது உடம்பு ஒத்துழைக்கவில்லை.

“பொறுத்தவங்க பூமி ஆள்வாங்கன்னு சொல்றது. நான் கை மடிப்பை ஆண்டுக்கிட்டிருக்கேன்,” என்றாள். “உன் பேச்சைக் கேட்டுத்தான்டி நின்னேன்.”

மணி அடித்தது. மிஷின்கள் ஓடத் தொடங்கின. காலர்க்காரி ஒரு காலரைக் கோணலாக வைத்தாள், பிரித்தாள், திரும்பவும் கோணலாக வைத்தாள். பிறகு துணியை அப்படியே போட்டுவிட்டு மேலாளர் அறையை நோக்கி நடந்தாள். உள்ளே போய் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பின்னால் அவளுடையதைத் தவிர இன்னொரு மிஷினும் ஓடவில்லை. கை மடிப்பு மிஷின் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் கதவைத் தட்டினாள்.