அந்த கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது

கேமரா ஏகாம்பரம் அண்ணா இறந்துவிட்டார். காலையில் டீ குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்... அவ்வளவுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் பாதிக் கடைகளுக்கு சிசிடிவி மாட்டியவர் அவர். உங்கள் கடையிலும் இருக்கலாம், அண்ணாந்து பாருங்கள்.

வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி. அதில் ஒரு போலீஸ்காரர் விளக்கு படம் போட்டு 'நல்ல மனிதர்' என்று எழுதியிருக்கிறார். தூ... வெட்கமே கிடையாதா?

என் தம்பி சேகர் ஆட்டோ ஓட்டுகிறவன். இல்லை, ஓட்டியவன். போன வருடம் பெருமாள் கோவில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், பேரிகேட் ஓரமாக வண்டியை நிறுத்தினான் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மதியம் போனவன் வலது கை ஒடிந்து திரும்பி வந்தான்.

"வரும்போதே கை ஒடிஞ்சிதான் வந்தான். வண்டியிலேர்ந்து விழுந்திருப்பான்" என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், வக்கீல் திட்டுவார். ஊரில் தெரியாதவர் யார்?

ஸ்டேஷன் கேமரா பதிவைக் கேட்டேன். "பந்தோபஸ்து டைம்மா... கருட சேவை முடியட்டும், தேர் முடியட்டும், அப்புறமா வாங்க" என்றார் அங்கிருந்த ரைட்டர்.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பெருமாள் வீதிக்கு வருகிற நாளில் போய் யாரிடம் சண்டை போடுவது என்று, வாசலில் கோலம் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திருவிழா முடிந்து போய்க் கேட்டால், பழைய பதிவு தானாக அழிந்துவிட்டது என்றார்கள். ஆர்டிஐ போட்டேன். 'பாதுகாப்பு காரணங்களால் வழங்க இயலாது' என்று பதில். அதற்கு மேல்முறையீடு செய்தேன். 'அன்றைய தினம் கேமராக்கள் பழுது காரணமாக இயங்கவில்லை' என்று பதில்.

ஓடாத கேமராவில் பதிவு எப்படி அழியும்? அழிந்துபோனதற்கு எதற்குப் பாதுகாப்பு? ஒரு பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் துப்பில்லை... முத்திரையை மட்டும் நேராகக் குத்தியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை என் ஜெராக்ஸ் கடையில் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு வந்து நின்ற ஏகாம்பரம் அண்ணா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது? எந்தத் தேதி போட்டுக்கிறான்? அன்னிக்கு நான்தானே திருவிழாவுக்குன்னு அங்க சர்வீஸ் பண்ணிக்கினு இருந்தேன்! எட்டு கேமராவும் பளிச்சுனு ஓடுச்சிமா. ஓடலன்னு எழுதிக்கிறான் பாரு!"

அவருக்கு அதுவரை என் தம்பியைத் தெரியாது. சட்டம், உரிமை என்றெல்லாம் பேசவும் இல்லை. தான் கைவைத்த வேலையைக் கெட்டுப்போனது என்று எழுதிவிட்டார்களே என்றுதான் அத்தனை கோபம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே சர்வீஸ் முடித்தாலும் மானிட்டரை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். 'நீ போனதும் நின்னுடுச்சி' என்று பின்னால் யாரும் பேசக்கூடாதாம்.

கடையில் நின்றபடியே போனைத் தேடினார். படம் இருந்தது. எட்டு கட்டம், மூலையில் தேதி, நேரம். கீழ்க் கட்டத்தில் பெஞ்சில் என் தம்பி... வலது கையால் டீ கிளாஸைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். நான் கடையிலேயே அழுதுவிட்டேன்.

"எனக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்கண்ணா" என்றேன். விழுந்தது திட்டு.

"ஃபார்வேர்ட் பண்ணா வாட்ஸ்அப் அத்த சுருக்கிடும்மா, எப்ப எடுத்ததுன்ற விவரமும் பூடும். நாளைக்கி கோர்ட்ல ஜோடிச்சதும்பான். ஒரிஜினல் இந்த போன்ல இருக்குது. இதுலயே இருக்கட்டும்."

அன்றே சிம்மைக் கழற்றி, போனை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன்பிறகு ஒரு பட்டன் போனோடு அலைந்தார். மானிட்டரைப் படம் எடுக்க, காலேஜுக்குக் கிளம்பும் மகளிடம் அவள் போனைக் கேட்டுக் கெஞ்சுவார்.

நாங்கள் கேஸ் போட்டோம். அவருக்கு ஸ்டேஷன் வேலை போயிற்று. இன்றைக்கு விளக்கு படம் போட்டிருக்கும் அதே ஆள் ஒருநாள் டீக்கடையில் அவரை மடக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அந்த பழைய போன் எங்கபா? குடுத்துடு. உனக்கு ஏன் வம்பு?"

"அதுவும் உங்க கேமரா மாதிரிதான் சார்... ரிப்பேர்."

டீக்கடையே சிரித்தது. அண்ணா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

போன மாதம் போனைக் கோர்ட்டில் ஒப்படைத்தோம். இது என் போன், நான் எடுத்த படம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "சாட்சி சொல்ல வரும்போது வெள்ள சட்ட போட்டுக்கினு வரணுமாம்மா?" என்று கேட்டார்.

இன்று காலை வக்கீலுக்குச் சொன்னேன். "படம் இருக்குதுமா... ஆனா எடுத்தவர் வாயால சொல்றது வேற ஆச்சே... பாக்கலாம்" என்றார்.

விளக்கு படம் போட்ட சாருக்கு ஒரு வார்த்தை. அஞ்சலி செலுத்த அவ்வளவு ஆசையாக இருந்தால், அன்றைய பதிவை எடுத்துக்கொண்டு வாருங்கள். மாலைகூட வேண்டாம்.

ஏகாம்பரம் அண்ணா, அடுத்த வாய்தாவுக்கு சாட்சி லிஸ்ட்டில் உங்கள் பெயர்தான். கோர்ட் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவது தடவைக்கு நான்தான் எழுந்துபோய், நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டும்.

போய் வாங்கண்ணா.