எதிர்வீட்டு ஷட்டர்

ஜனவரி 18, காலை பதினொரு மணி. வட ஜெர்மனியில், பால்டிக் கடலோரக் கிராமம் ஒன்றில் தங்கியிருக்கிறேன். கடற்காற்றுக்கு அஞ்சி, ஜன்னலின் வெளிப்புற ஷட்டரை ஏற்றாமலே போர்வைக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கதவு பலமாகத் தட்டப்படுகிறது. நேற்று எனக்கு வழிகாட்டிய, எதிர்வீட்டில் தனியே வசிக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்து நிற்கிறார்.

“பிள்ளை, உயிரோடதான் இருக்கிறீரோ?”

“குளிருக்கு மூடி வச்சேன்க்கா.”

“நல்லாய் மூடினீர்! எனக்கெல்லோ நெஞ்சு நிண்டு போச்சு. இஞ்சை தனிய இருக்கிற சனம்தான் கனக்க. விடிஞ்சும் ஷட்டர் ஏறாட்டி, ஆளுக்கு என்னவோ எண்டு ஓடி வருவம். போன விண்டருக்கு நான் குளியலறையிலை விழுந்து கிடக்க, இந்த வீட்டிலை முந்தி இருந்த மனுசிதான் ஷட்டர் ஏறாததைக் கண்டு ஓடி வந்தவ. இப்ப அவ மகளோடை இருக்கப் போயிட்டா.”

“அப்போ இப்ப உங்க ஜன்னலை யார் பாக்குறாங்க?”

அக்கா செருப்பிலிருந்த பனியைத் தட்டுகிறார்.

“சாப்பிட்டனீரோ? வாரும், புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன்.”

மறுநாள் காலை, எழுந்ததும் என் ஷட்டரை ஏற்றுகிறேன். எதிரே அக்காவின் ஷட்டர் இன்னும் இறங்கியே இருக்கிறது. காலணிகளை மாட்டிக்கொண்டு, அது ஏறும்வரை ஜன்னலருகில் நிற்கிறேன்.