லேசருக்குப் போன அம்மாவின் கோப்பி

கோப்பியில் என்ன இருக்கிறது என்று லேசரை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று சொன்னால், எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உடனே கேட்பார்கள்: "ஏன், குடிச்சுப் பாத்தா தெரியாதா?" தெரியாது. நாக்குக்கு ருசி தெரியும், தனிமம் தெரியாது. கோப்பித் தூளை அழுத்தி வில்லையாக்கி, அதன்மேல் லேசரைப் பாய்ச்சினால் 'டிக்' என்று ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் அதற்குரிய இடத்தில் ஒரு கோடாகக் கணினித் திரையில் எழுந்து நிற்கும். தூளில் வேறு எதையாவது கலந்தால் கோடுகளின் உயரம் மாறிப்போகும். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு விஞ்ஞானம் படிக்கப் போன முதல் ஆள் நான். அடக்கம் கருதி அதை மறைக்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

அம்மாவுக்குக் குருவிட்ட என்ற ஊர்ப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அது முடிந்து வந்தால் கோப்பி. லயத்துக்குப் பின்னால் தானாக வளர்ந்து நிற்கும் கோப்பிச் செடிகளில் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து, உரலில் இடித்துப் பைக்கட்டில் போட்டு, டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கொடுப்பாள். சுக்குகூடச் சேர்க்கமாட்டாள். "அது குடிக்கிறவங்க இஷ்டம். நம்ம கோப்பிய மட்டும் குடுப்போம்" என்பாள்.

அந்தக் கடையில்தான் வினை வந்தது. வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒரு மனுஷன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "லயத்துக் கோப்பிதானே, சோளத்தை வறுத்துக் கலந்திருப்பார்கள்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லியிருக்கிறான். கடை முதலாளி நல்ல மனிதர். ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. அம்மாவின் பைக்கட்டுகளை முன்தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அம்மா எனக்கு போன் எடுத்து, "நம்மள கள்ளின்னு சொல்லிட்டாங்க பிள்ள" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

எனக்கோ மூக்கு நுனியில் கோபம். அப்போது இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்திருந்ததே கோப்பிதான். கடைகளில் விற்கிற தூள்களை லேசரில் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க கோப்பிய எங்க யூனிவர்சிட்டி லெப்புக்கு அனுப்புங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அது வந்து சேர்ந்ததும், என்னை மேற்பார்வை செய்த சேரிடம், "இது என் அம்மாவின் கோப்பி. சுத்தம் என்றால் என்னவென்று இதில் பாருங்கள்" என்று சிங்களத்தில் மார்தட்டிவிட்டேன். சேர் சிரித்துக்கொண்டே, "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். திரையில் கல்சியக் கோடு தென்னைமரம் மாதிரி நின்றது. அது போதாதென்று, கோப்பியில் தலைகாட்டவே கூடாத அளவில் சிலிக்கன். வில்லையைத் திருப்பி வைத்து இன்னோர் இடத்தில் அடித்தேன். அதே கோடுகள். புது வில்லை செய்து அடித்தேன். அதேதான். சேர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மண்ணோ சுண்ணாம்போ கலந்த மாதிரி இருக்கிறதே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. அந்த வெளியூர்க்காரன் சொன்னதை என் கையாலேயே நிரூபித்துக் கொடுத்துவிட்டேனா? வராந்தாவுக்கு ஓடிப்போய் அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"அம்மா, உண்மைய சொல்லுங்க. கோப்பியில என்னத்த போட்டீங்க?"

"என்னத்த போடுறது? கோயில்ல வச்சு எடுத்து, திருநீறு போட்டுக் கலந்து அனுப்புனேன்."

"திருநீறா!"

"பின்ன? நீ சோதன எழுதப் போறப்பெல்லாம் பேனைக்குப் பூசி விடலையா? இதுவும் ஒன் சோதனதானே? நல்லா ரெண்டு பிடி போட்டேன்."

"கடைக்குக் குடுக்கிறதுலயும் போடுவீங்களா?"

"ஒனக்கென்ன பைத்தியமா? விக்கிறதுல யாராச்சும் திருநீறு போடுவாங்களா?"

சாணத்தை எரித்த சாம்பலில் கல்சியமும் சிலிக்கனும் இல்லாமல் வேறென்ன இருக்கும்? சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சேரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வெட்கமாக இருக்கவில்லை. சொல்லச் சொல்லப் பெருமையாகத்தான் இருந்தது. சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "கதை நல்ல கதை. ஆனால் உங்கள் அம்மாவின் கோப்பி சுத்தம் என்று இன்னும் நீங்கள் காட்டவில்லை" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

மறுநாளே பஸ் ஏறினேன். முதலாளி உள்ளே ஒதுக்கி வைத்திருந்த அதே பைக்கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். எந்தக் கோப்பியைப் பழித்தார்களோ அதைத்தானே பார்க்கவேண்டும். வீட்டுக்கும் போய், அம்மாவின் சாக்கிலிருந்து கொட்டை எடுத்து நானே வறுத்து இடித்தேன். "கருக்குறடி, கருக்குற" என்று அம்மா பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டே இருந்தாள். லெப்புக்குத் திரும்பி வந்து, நான் இடித்த தூளில் ஒரு பங்கில் வேண்டுமென்றே வறுத்த சோளத்தைக் கலந்து அதையும் வில்லையாக்கினேன்.

எல்லாவற்றையும் லேசரில் அடித்தேன். சோளம் கலந்ததில் பொட்டாசியக் கோடு தணிந்து, கலப்படம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கடைப் பைக்கட்டின் கோடுகளும் நான் இடித்த தூளின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தின. சிலிக்கன் இருக்கவேண்டிய இடத்தில் அடங்கிக் கிடந்தது. சேர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இனி நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்" என்றார். அன்றைக்கு ஹொஸ்டலுக்கு நான் நடந்துபோன நடையைப் பார்த்தவர்கள், லேசரையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். போனில் இருந்த கோடுகளை முதலாளிக்குக் காட்டி, சோளம் கலந்தது எது, அம்மாவினுடையது எது என்று விளக்கினேன். அவர் போனைக் கையில் வாங்கி, தூர வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சிங்களத்தில், "அப்படியென்றால் கலப்படம் இல்லையென்று மெஷினே சொல்லிவிட்டதா?" என்று கேட்டார்.

அம்மா பையிலிருந்த புதுப் பைக்கட்டுகளை எடுத்து முன்தட்டில் வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கட்டும் என்று அதையும் சிங்களத்திலேயே, உரக்கச் சொன்னாள்.

"மெஷின் இல்லை, முதலாளி. சொன்னது என் மகள்."