வெளிப்பூச்சு அடுத்த வருஷம்

இரும்பு மூடியைத் தூக்குவதற்கு முன் கொக்கிக் கம்பியால் மூன்று தட்டு. பிறகு சற்றுக் காத்திருப்பு. "உள்ள இருக்குற மகாராசாக்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, அரசாங்க வேலை" என்று மீட்டர் குழிக்குள் இருக்கும் தேரைகளிடம் சொல்லிவிட்டுத்தான் குவோஸ்தென் மூடியைத் திறப்பார். தேரை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை, வீட்டுக்கு வீடு, முப்பத்தொரு வருடங்களாக அதே மூன்று தட்டு. பக்கத்து வீட்டு ஸ்மில்யா இடுப்பளவு உயரம் இருந்தபோதே வேலியோரம் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். படிப்பை முடித்து, நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

குடிநீர் மீட்டர் பார்ப்பவர் அவர். வயது அறுபத்திரண்டு. நெட்டை உருவம், எந்த வாசலிலும் தலை குனிய மாட்டார், தொப்பியைத்தான் கழற்றுவார். யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "அந்த நாலு கன மீட்டர் கிழவி", "பதினெட்டு கன மீட்டர் வாத்தியார்" என்றுதான் பேச்சு. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது, ஒரு வீட்டில் மகன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், ஒரு வீட்டில் கணவன் போய்ச் சேர்ந்த பின் மனைவி சமைப்பதையே விட்டுவிட்டாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும். "மனுசன் பொய் சொல்லுவான், அவன் போட்ட கையெழுத்தும் பொய் சொல்லும். மீட்டர் முள்ளு சொல்லாது" என்பார். ஆனால் அது யார் வீட்டு முள் என்று மூச்சு விடமாட்டார். ஒருமுறை, "மார்ச்சுல இருந்து ஒத்தையாளு வீடு ஒண்ணுல ரெண்டு பேரு குளிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, எந்த வீடு என்று கேட்டு நச்சரித்தவர்களை, "நான் வாயைத் தொறந்தா நாளைக்கு எவனும் மூடியைத் தொறக்க விடமாட்டான்" என்று விரட்டினார்.

தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள எல்லா வீடுகளையும் போலவே அவர் வீட்டிலும் செங்கல் வெளியே தெரியும். மாடியிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் வானத்தைக் குத்திக்கொண்டிருக்கும். வெளிப்பூச்சு பூசாத வீடு முடியாத வீடு. முடியாத வீட்டுக்கு நகராட்சியில் கால் பங்கு வரி. ஆகவே இந்த ஊரில் எந்த வீடும் முடிவதில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளைகள் பிறந்து, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்தே கல்யாணமாகிப் போகிறார்கள். "பூச்சு எப்போ?" என்று கேட்பதும், "அடுத்த வருஷம், கடவுள் குடுத்தா" என்று சொல்வதும் இங்கே வணக்கம் சொல்வது மாதிரி. ஸ்மில்யாவின் அப்பாவும் இருபத்தாறு வருடமாக அதைத்தான் சொல்கிறார். வரியாகக் கட்டாமல் மிச்சமான அந்த முக்கால் பங்கில் தன் விடுதி வாடகைக்குப் போனது எத்தனை தினார் என்று அவள் ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்தாள். பாதியில் எழுந்துவிட்டாள்.

குவோஸ்தெனின் மனைவி கோசராவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு வரும் நாலாம் எண் பேருந்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள மருத்துவமனைக்குப் போவாள். ஒன்பது கிலோமீட்டர். காரை அவள் வைத்தியத்துக்கே விற்றாயிற்று. வாரம் மூன்று முறை டாக்ஸி வைத்தால் அவர் சம்பளத்தில் ரொட்டிக்கு மிஞ்சாது.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கையில் பணமில்லை, எதை நிறுத்துவது எதை ஏற்றுவது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று நகராட்சி குடிமக்களை வட்டார மண்டபத்துக்கு அழைத்தது. மேசைக்கு எட்டுப் பேர். ஆளுக்கு ஐந்து சிவப்புப் பொட்டுகள், ஓட்டாக ஒட்டுவதற்கு. சுவரில் பட்டியல். முதல் வரி: நாலாம் எண் பேருந்தை நிறுத்துதல். கடைசி வரி: குடியிருக்கும் எல்லா வீடுகளுக்கும், பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழு வரி. மூன்றாம் மேசையை நடத்த வேண்டியவள் ஸ்மில்யா. குவோஸ்தென் அவளுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தின்னது அவங்க" என்றார், உட்கார்ந்ததும். "எச்சித் தட்டு கழுவ நம்மள ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்காங்க."

"பேச்சு பட்டியலுக்குள்ள இருக்கட்டும் மாமா."

"மேயரோட காரை நிறுத்தலாமா?"

"அது பட்டியல்ல இல்ல."

"அப்ப பட்டியலை எழுதுனது யாரு? பேருந்துல போறவனா?"

மேசை சிரித்தது. ஸ்மில்யாவும் சிரித்திருப்பாள். ஆனால் இரண்டு நாள் பயிற்சியில், மேசை நடத்துபவர் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பங்கேற்பு என்ற சொல்லை நான்கு வருடம் பரீட்சைத் தாளில் எழுதியவள் அவள். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு முகம் இருக்குமென்று அப்போது தோன்றவில்லை.

டயர்க் கடை ரதிசாவ் எழுந்து போய், தன் ஐந்து பொட்டுகளையும் பேருந்தை நிறுத்தும் முதல் வரிமேல் ஒட்டிவிட்டு வந்தார். அவர் குவோஸ்தெனுக்குக் கூம்: கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், மகளுக்கு ஞானத்தந்தை. கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கூமோடு கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம்.

"காத்தை ஏத்திக்கிட்டு ஓடுதுப்பா அந்த வண்டி" என்றார் ரதிசாவ். "விடியக்காலைல நானே பார்த்தேன். மூணே பேரு."

"அந்த மூணுல ஒருத்தி கோசரா."

"ஒரு ஆளுக்காக ஊரே வரி கட்டணுமா கூம்? நான் பொதுவா சொல்றேன், மனசுல வச்சுக்காத."

குவோஸ்தென் எழுந்தார். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "எழுபது கன மீட்டர்!"

"என்னது?"

"உன் வீடு. மாசத்துக்கு எழுபது. ஜூன் மாசம் நூத்திப் பத்து. வெளிப்பூச்சு இல்லாத வீடு, வாஸ்தவம். கொல்லைல இருக்குற நீச்சல் குளத்துக்குப் பூச்சு உண்டுல்ல? இல்லேன்னா தண்ணி எப்படி நிக்குது?"

எட்டு மேசைகளிலும் தலைகள் திரும்பின. ரதிசாவின் கழுத்து சிவந்தது. "உன் பொண்ணை ஞானஸ்நானத் தொட்டில இருந்து கையில வாங்குனவன்டா நான்."

"அதுக்காகத்தான் இத்தனை வருஷம் வாயில பூட்டுப் போட்டிருந்தேன். இப்ப என் பொண்டாட்டிய ஒன்பது கிலோமீட்டர் நடக்கச் சொல்ற."

"உன் வீடு மட்டும் என்ன, பூசி மொழுகி வச்சிருக்கியா?"

"என் வீடும்தான்! எழுதிக்க ஸ்மில்யா. ரெண்டு மாடி, நூத்திப் பன்னெண்டு சதுர மீட்டர். உங்க காகிதத்துல கூரையே கிடையாது. மழை பெஞ்சா நான் நனையணும். எழுதும்மா!"

படிவத்தில் அதற்கு இடமில்லை. ஸ்மில்யா தாளைத் திருப்பிப்போட்டு எழுதினாள். அதன் கீழே தன் அப்பா பெயரையும் வீட்டின் அளவையும் எழுதி, உரக்கப் படித்தாள். வேலை போகுமா, அப்பா பேசுவாரா என்று யோசிப்பதற்குள் பின் மேசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "என் வீட்டையும் போடு! ஆனா எதிர்வீட்டுக்காரனையும் போடு, அவன் எனக்கென்னன்னு எங்கிட்டோ பார்க்குறான் பாரு!" பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. ஒருவர் மேல் உள்ள கோபத்தில் இன்னொருவர் தன் வீட்டைச் சொன்னார். சமையலறை என்று பதிந்த மூன்று மாடி, கோழிக்கூண்டு என்று பதிந்த இரண்டு அறை. சிரிப்பும் வசவும் கலந்து ஒரு மணி நேரம் போனது. பிறகு பொட்டுகளோடு சுவரை மொய்த்தார்கள். எண்ணி முடித்தபோது, எல்லாருக்கும் முழு வரி என்ற கடைசி வரிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, முதல் வரிக்கு முப்பது. நாலாம் எண் ஓடும்.

ரதிசாவ் நாற்காலியிலிருந்து மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். குவோஸ்தென் போகிற முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவர் தோளில் தட்டி, "முள்ளு மாதிரி குத்திட்டீங்க அண்ணே" என்றார்கள். அவர் தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் பெர்சிதா நின்றிருந்தாள். கீழ்த்தெரு பாலர் பள்ளியில் சமையல் செய்தவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன், பணமில்லை என்று சொல்லி அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என் பள்ளிக்கூடத்தை மூடுனதும் இதே மண்டபத்துலதான். நீங்களும் வந்திருந்தீங்க. மூணாவது வரிசை. எனக்கு நல்லா ஞாபகம், அன்னைக்குப் பலகாரமா குடுத்த பூரெக் ரெண்டு துண்டு தின்னீங்க."

அவர் வாசலைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தார்.

"எழுபது கன மீட்டர் அன்னைக்கும் எழுபதுதானே? நாப்பது பிள்ளைங்க. சுடுசோறு ஒரு வேளை, அது எங்க கையால. கூரை இல்லாத வீடு, கோழிக்கூண்டு வீடு, எல்லாம் அன்னைக்கே உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுக்கு வாயைத் தொறக்கல?"

"மூடியைத் தொறக்க விடமாட்டான்..." என்று தொடங்கினார் குவோஸ்தென். நிறுத்திக்கொண்டார்.

பெர்சிதா கையை நீட்டி எதிர்ப்பக்கக் கதவுநிலையைப் பிடித்தாள். வாசல் அடைபட்டது. "சொல்லிட்டுப் போ. உன் பொண்டாட்டி நல்லா இருக்கட்டும், நானும் அந்தக் கடைசி வரிலதான் ஒட்டினேன். ஆனா இந்தப் பதில் நீ எனக்குத் தரவேண்டியது."

மண்டபத்தில் நாற்காலி அடுக்கும் சத்தம் நின்றது. ஸ்மில்யா, ஏதாவது சொல்லிவிடுங்கள் மாமா என்று மனதுக்குள் கெஞ்சினாள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

குவோஸ்தென் தொப்பியைக் கழற்றினார். பிறகு அந்த நெட்டை உடம்பை இரண்டாக மடித்து, பெர்சிதாவின் கைக்கு அடியில் நுழைந்து வெளியே போனார்.

அவர் தண்டவாளத்தைத் தாண்டும் வரை அவள் கையை எடுக்கவில்லை.