வேன் அக்கா யார் பக்கம்?

கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டும் சந்திரகலாவைப் பற்றி அவள் குடியிருக்கும் தாமானில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். முட்டிவலிக்கு எந்த கிளினிக்குக்குப் போகிறாள், புருஷன் கமலநாதனுக்குத் துறைமுகத்தில் இந்த வாரம் எந்த ஷிப்ட், மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை, எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அவள் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்பது கமலநாதனுக்கே தெரியாது.

"கட்டின புருஷன் கிட்டகூடச் சொல்ல மாட்டியா?" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்பான்.

"உங்க கிட்ட சொன்னா ஒட்டுக்கடையில டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் சொன்ன மாதிரி. சும்மா இருங்க லா."

அவளுக்குக் கட்சி கிடையாது. கட்சியும் அவளுக்கு வேன் மாதிரிதான். எந்த கம்பெனி செய்தது என்று பார்க்க மாட்டாள், மேட்டில் ஏறுமா என்றுதான் பார்ப்பாள். ஒருமுறை கிளினிக்கில் மற்றவர்களோடு வரிசையில் நின்று மருந்து வாங்கிய ஆளுக்குப் போட்டாள். இன்னொரு முறை அரிசி மூட்டையைக் கையில் கொடுத்துப் போட்டோ பிடித்தவன் பெயரை மனதுக்குள்ளேயே அடித்துவிட்டு, அவ்வளவாகப் பிடிக்காத மற்றவனுக்குப் போட்டாள். வாக்குச்சாவடியில் அட்டைத் தடுப்புக்குள் குனிந்து நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில் அவளை யாரும் "கலா, சீக்கிரம்" என்று கூப்பிடுவதில்லை. அது அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த இடைத்தேர்தலில் அவள் வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். ராஜனுக்குத்தான். போன வெள்ளத்தில் ரப்பர் பூட்ஸோடு லோங்காங்கில், அந்தப் பெரிய சாக்கடைக்குள், இறங்கி, அடைப்பைக் கையாலேயே அள்ளிப்போட்டவர் அவர். அன்று கேமரா எதுவும் இல்லை. ராஜன் எந்தக் கட்சியில் நிற்பார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது, பக்கத்துத் தெரு தனலெட்சுமி அக்கா மகளிர் தலைவியாக இருக்கும் கட்சி என்று. தெரிந்த பிறகும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

எதிரில் சுயேச்சையாக நின்றவன் கிஷன். வானொலியில் காலை நேர அறிவிப்பாளன். பல வருடங்களாக அவள் வேன் அவன் குரலோடுதான் விடிந்தது. பிள்ளைகள் அவனைப் போலவே இழுத்து இழுத்துச் சிரிப்பார்கள். சிக்னலில் நிற்கும்போது அவளும் சிரித்திருக்கிறாள். சிரித்தது உண்மை. ஆனால் சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு லோங்காங் தெரியுமா?

வேட்புமனு நாள் சனிக்கிழமை. பள்ளியில் புறப்பாட வகுப்பு முடிந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப நின்றாள். மாலையும் கழுத்துமாகக் கிஷன் ஒரு கூட்டத்தோடு பள்ளி வாசலுக்கு வந்தான். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கத்தினார்கள். அவன் வேனில் சாய்ந்து நின்றான்.

"அக்கா! தினமும் என்னைக் கேட்பீங்களாமே, பிள்ளைங்க சொல்றாங்க. ஒரு போட்டோ?"

"நேரமாச்சு தம்பி, பெத்தவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லி, கிளம்ப வேண்டும் என்று காட்டுவதற்காகக் கையிலிருந்த வேன் சாவியைத் தூக்கிக் காட்டினாள். முகத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. வானொலிக் குரலை நேரில் பார்த்த சிரிப்பு.

கூட்டத்தில் ஒருவர் படம் எடுத்தார், எல்லாரும் கைதட்டினார்கள். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. சாயங்காலம் கமலநாதன் கைப்பேசியை நீட்டினான். காலையில்தான் கிஷனுக்குச் சின்னம் கிடைத்திருந்தது. சாவி.

படத்தில் அவன் அவள் கையைப் பார்த்துப் பூரித்து நிற்கிறான். கீழே எழுத்து: 'வேன் அக்காவின் சாவி கிஷனுக்கே!'

"அடிப்பாவி, எனக்குச் சொல்லாம ஊருக்கே சொல்லிட்டியா?" என்று கமலநாதன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே தனலெட்சுமி அக்கா கேட்டைத் தட்டினார். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் வேனில் வருகிறார்கள். மற்ற பெற்றோரில் பாதிப்பேர் அவர் சொல்லிச் சேர்ந்தவர்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவர்தான்.

"என்ன கலா, நடிகனோட போஸ் கொடுக்குற அளவுக்குப் பெரிய ஆளாயிட்ட?"

"அவர் நடிகர் இல்லக்கா, ரேடியோ. அதோட நான் போஸ் கொடுக்கல. சாவி என் வேன் சாவி."

"எனக்குத் தெரியும் லா. மத்தவங்களுக்குத் தெரியணும்ல? ரெண்டு வரி போதும். 'நான் கிஷனுக்குப் போட மாட்டேன், என் ஓட்டு ராஜனுக்கு'ன்னு சொல்லு, நான் வீடியோ எடுத்துக்கறேன். குரூப்ல போட்டா பிரச்சினை முடிஞ்சது."

அக்கா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். சொல்வதற்கு அதைவிடச் சுலபமான விஷயம் இல்லை. உண்மையும் அதுதான். சந்திரகலா வாயைத் திறந்தாள். உண்மையாக இருந்ததுதான் அவளைத் தடுத்தது. பொய்யாக இருந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பாள்.

"சாவி வேன் சாவின்னு சொல்றேன்க்கா. யாருக்கு ஓட்டுன்னு சொல்ல மாட்டேன்."

"அப்போ அவனுக்குத்தான்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லலன்னா வேற என்ன அர்த்தம்?" அக்கா கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது பெரிய சிக்னலில் அவள் தன்னையே பார்த்தாள். சாவியைத் தூக்கிக் காட்டிய அதே படம், இரண்டு மாடி உயரப் பதாகையில். அவள் பல்லில் இருக்கும் இடைவெளிகூடத் தெளிவாகத் தெரிந்தது. "ஆன்டி, நீங்க!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பின்னால் இருந்த கார் ஹார்ன் அடித்தபோதுதான் விளக்கு பச்சையாகி நேரமானது தெரிந்தது.

அன்று மத்தியானமே கொமுட்டர் ரயில் ஏறினாள். கிஷனின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடக்கும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள். படியேறி அவன் முன்னால் நின்றதும் ஒரே ஒரு வரிதான் வந்தது.

"அந்த பேனரை எடுத்துடுங்க தம்பி."

கிஷன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நேரில் அவன் குரல் வானொலியில் கேட்பதைவிடத் தாழ்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"அக்கா, அந்தப் படத்தால எனக்கு எவ்வளவு ஆதரவு தெரியுமா? எனக்குக் கட்சி இல்ல, ஆள் பலம் இல்ல. உங்களை மாதிரி சாதாரண மக்கள்தான். நீங்க என் பக்கம் இல்லையா?"

"நான் யார் பக்கமும் இல்ல."

"அப்போ எடுக்கறதுக்கு என்ன காரணம்?"

"அது என் மூஞ்சி."

அவன் சிரித்துவிட்டான். காலையில் கேட்கிற அதே சிரிப்பு. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சரிக்கா. இன்னிக்கே எடுக்கச் சொல்றேன்" என்றான்.

சொன்னபடியே எடுத்தான். திரும்பும் ரயிலில் அவள் நிம்மதியாகத் தூங்கிக்கூடப் போனாள். வீட்டு வாசலில் கமலநாதன் கைப்பேசியோடு நின்றிருந்தான்.

கிஷன் நேரலையில் பேசிக்கொண்டிருந்தான். "ஓர் ஏழை வேன் அக்கா, பாவம், இன்னிக்கு என் ஆபீஸுக்கு வந்து பேனரை எடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க. ஏன்? யாருக்குப் பயந்து? யார் மிரட்டினது? நான் கேட்கறேன் மக்களே!"

சந்திரகலா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பயப்படறேன்னு எப்போ சொன்னேன்?" என்று கைப்பேசியைப் பார்த்துக் கேட்டாள்.

இந்த முறை தனலெட்சுமி அக்கா கேட்டைத் தட்டவில்லை. குழுவில் குரல் பதிவு வந்தது. "என்னை ரவுடின்னு ஊர் பேசுது. நான் மிரட்டினேனா கலா? வெள்ளிக்கிழமைக்குள்ள நீ எந்தப் பக்கம்னு சொல்லணும். இல்லன்னா என் பேரப்பிள்ளைங்க உன் வேன்ல வராது. மத்த அம்மாங்களும் யோசிச்சுக்குங்க."

சந்திரகலா எழுத்தில் பதில் போட்டாள். 'அக்கா என்னை மிரட்டவில்லை. பேனரை நானாகத்தான் எடுக்கச் சொன்னேன். யாருக்கு ஓட்டு என்பது என் சொந்த விஷயம்.' மூன்று வரியை எழுதி அழித்து எழுதி அனுப்புவதற்குள் சோறு ஆறிவிட்டது. முதல் இரண்டு வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"சொல்லிடேன் கலா" என்றான் கமலநாதன். இப்போது அவன் கிண்டல் செய்யவில்லை. "நமக்கு எதுக்கு இந்த வம்பு? யாருக்கு வேணும்னாலும் போடு, அவங்களுக்குன்னு சொல்லிட்டுப் போ."

"அதுதாங்க முடியல." அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "அவங்க கேட்கற ஆள்தான் எனக்கும். அதைச் சொன்னா நாளைக்கு யார் வந்து நின்னாலும் வாசல்ல வச்சே சொல்லணும். அடுத்த வருஷம், அதுக்கு அடுத்த வருஷம். பிள்ளைங்களை வச்சுக் கேட்பாங்க, நானும் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

கமலநாதன் அவளையே பார்த்தான். 'அவங்க கேட்கற ஆள்தான் எனக்கும்' என்று அவள் வாய்தவறிச் சொன்னது அவனுக்கு எட்டிவிட்டது. துணியை எடுத்து, அவள் கழுவிய தட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் வேன் நின்றது. சில கேட்டுகள் திறக்கவில்லை. விஷ்ணுப்ரியா என்ற இளம் தாய் மட்டும் பிள்ளையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, "அக்கா, எங்க வீட்ல மாமியார் தடுத்தாங்க. நான்தான் அனுப்பறேன். நீங்க கிஷனுக்குத்தானே?" என்று காதில் கேட்டாள். அவளுக்கும் சந்திரகலா பதில் சொல்லவில்லை. விஷ்ணுப்ரியாவின் முகம் சுருங்கியது. இருந்தாலும் பிள்ளையை ஏற்றிவிட்டாள்.

வாக்களிப்பு நாளன்று தமிழ்ப்பள்ளி வாசலில் ஒரு பக்கம் தனலெட்சுமி அக்காவின் ஆட்கள், மறுபக்கம் கிஷனின் ஆட்கள். நடுவில் அவள் நடந்தாள். "வேன் அக்கா வந்தாச்சு!" என்று கிஷன் பக்கம் கைதட்டியது. மறுபக்கம் யாரோ காறித் துப்பினார்கள்.

அட்டைத் தடுப்புக்குள் நின்றபோது அவளுக்கு ஒரு கணம் கோபம் தலைக்கேறியது. போடாமலே போய்விடலாமா? தனலெட்சுமி அக்கா பயந்தபடி சாவிக்கே போட்டுக் காட்டிவிடலாமா? வாசலில் துப்பியது யார் பக்கம் என்று நினைத்தாள். லோங்காங்கில் இறங்கியது யார் என்றும் நினைத்தாள். துப்பியவன் பெயர் சீட்டில் இல்லை. ராஜனின் பெயருக்கு எதிரே இரண்டு கோடுகளைக் குறுக்காகப் போட்டு, மடித்து, பெட்டிக்குள் விட்டாள்.

ராஜன் ஜெயித்தார். சொற்ப வித்தியாசம்தான். தாமானில் பட்டாசு வெடித்தது. கமலநாதன் தொலைக்காட்சியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை தனலெட்சுமி அக்காவின் வீட்டு முன்னால் வேனை நிறுத்தினாள். சண்டை தேர்தலோடு போயிருக்கும் என்று ஒரு நினைப்பு. அக்கா கேட்டுக்கு உள்ளே நின்று துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா கலா? உன் ஓட்டு இல்லாமலேயே ஜெயிச்சோம்."

சந்திரகலாவின் தொண்டை வரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. கேட் திறக்கும், பிள்ளைகள் பையோடு ஓடிவரும், நாளைக்கு மற்ற கேட்டுகளும் திறக்கும்.

"வாழ்த்துகள்க்கா" என்றாள். "ராஜன் நல்ல மனுஷன்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"பிள்ளைங்க வருதுங்களாக்கா?"

அக்கா குவளையைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை உதறினார். "வேற வேன்ல சேர்த்தாச்சு."

சந்திரகலா தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். அடுத்த திருப்பத்தில் விஷ்ணுப்ரியாவின் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.